மலைச்சரிவில் ஒரு மனை

நுழையும்முன்

சமவெளியில் வீடு கட்டுவோர் நிலத்தைத் தம் விருப்பத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். மலையில் அது எளிதன்று. அங்கு நிலமே வீட்டின் வடிவத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. வெயில், பனி, மழை, மண் ஆகிய நான்கின் இயல்பையும் அறியாது எழுப்பப்படும் மலைவீடு, குளிர்காலத்தில் மின்சாரத்தை விழுங்கும்; மழைக்காலத்தில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். குறைந்த ஆற்றலில் வெதுவெதுப்பாகவும், சரிவில் உறுதியாகவும் நிற்கும் ஒரு வீட்டைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதை நீலகிரியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

குளிரை அறிந்த முன்னோர்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பகுத்த தமிழர், கூதிர் என்றும் முன்பனி, பின்பனி என்றும் குளிரின் படிநிலைகளையும் பகுத்தறிந்தனர். பருவத்திற்கேற்ப உறைவிடம் மாறவேண்டும் என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. வேனிற்காலத்திற்கும் கூதிர்காலத்திற்கும் தனித்தனிப் பள்ளியறைகள் இருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுக்கும் முறையைக் கூறுகிறது. கதிரவன் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதில் கோல்களை நட்டு, அவற்றின் நிழலைக் கொண்டு திசையைத் துல்லியமாகக் கணித்த பின்னரே நூலறிந்தோர் மனைக்குக் கயிறிட்டனர் என்பது அந்நூல் தரும் செய்தி. கட்டடத்தின் முதல் அளவுகோல் கதிரவனே என்னும் அக்கருத்து இன்றைய கட்டடவியலுக்கும் அடிப்படையாக உள்ளது.

நீலகிரியின் தொல்குடியினரான தொதவர்களின் மரபுவழி வீடு மற்றொரு சான்று. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அவ்வீடு, நீளவாக்கில் கவிழ்த்து வைத்த அரைப்பீப்பாய் போன்றது. அதன் வாயில் ஏறத்தாழ மூன்றடி உயரமே இருக்கும். உள்ளே செல்வோர் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சிறிய வாயில் குளிர்காற்றைத் தடுக்கிறது. தடித்த புற்கூரை தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வெப்பத்தைக் காக்கிறது. வளைந்த வடிவம் மழைநீரை உடனே வழியச் செய்கிறது. சிறிய உள்ளிடம் ஆதலால் சமையல் நெருப்பும் மனித உடல்களின் வெப்பமுமே அதனை வெதுவெதுப்பாக்கப் போதுமானவை.

ஆங்கிலேயர் வேறொரு வழியைக் கையாண்டனர். 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் அவர்கள் எழுப்பிய பங்களாக்கள் உயர்ந்த கூரையும் பெரிய அறைகளும் கொண்டவை. அவ்வறைகளைச் சூடாக்க அறைதோறும் கணப்படுப்பு தேவைப்பட்டது. திறந்த கணப்படுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குச் சென்றுவிடும். எனவே, விறகின் தேவை பெருகியது, சோலைக்காடுகள் சுருங்கின. விறகுப் பற்றாக்குறையைப் போக்க ஆஸ்திரேலியாவின் தைலமரங்கள் கொண்டுவந்து நடப்பட்டன. புல்வெளிகளாகவும் சோலைகளாகவும் இருந்த மலையின் தோற்றமே மாறியது. வெப்பத்தைக் காக்கத் தெரியாத வீடு ஒரு மலையின் இயற்கையையே மாற்றக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

இடம் தேர்தல்

மலைவீட்டின் ஆற்றல் சிக்கனம் செங்கல் வாங்கும் நாளில் தொடங்குவதன்று. மனை தேரும் நாளிலேயே தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5° செல்சியஸ் குறைகிறது. ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் டிசம்பர், சனவரி மாத இரவுகளில் உறைபனி படிவது இயல்பு. ஆயினும் ஒரே உயரத்தில், ஒரே ஊரில் உள்ள எல்லா மனைகளும் ஒரே அளவு குளிர்வதில்லை.

தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே நீர்போல் கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் உறைபனி முதலில் பள்ளத்தாக்கின் அடியில் படிகிறது. மலையுச்சியிலோ காற்றின் வேகம் மிகுதி; அது சுவரின் வெப்பத்தை விரைவாகக் கவர்ந்து செல்லும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுச்சரிவே வாழ்விடத்திற்கு ஏற்றது.

அடுத்துக் கருதவேண்டியது சரிவு நோக்கும் திசை. நீலகிரி ஏறத்தாழ 11.4° வட அட்சரேகையில் அமைந்துள்ளது. டிசம்பர் மாத இறுதியில் அங்கு நண்பகற் கதிரவன் தென்வானில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 55° உயரத்தில் நிற்கிறது. அப்போது 20° சாய்வுள்ள தென்சரிவு, அதே சாய்வுள்ள வடசரிவைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வெயிலைப் பெறுகிறது. குளிர் மிகுந்த நாளில் விலையின்றிக் கிடைக்கும் வெப்பம் இது. கிழக்குச் சரிவிலும் ஒரு நன்மை உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த வீட்டை அது காலையிலேயே கதிரவனுக்குக் காட்டுகிறது. வடசரிவில் மனை அமைந்துவிடின், கூரையின் ஒரு பகுதியை உயர்த்தித் தெற்கு நோக்கிய மேற்சாளரம் வைத்து வெயிலை உள்ளே இறக்கலாம்.

வெயிலைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: அந்த மண் நிலையானதா என்பதே அது. வளைந்து வளர்ந்த மரங்கள், சாய்ந்த வேலிக்கம்பங்கள், நிலத்தில் தோன்றிய நீண்ட வெடிப்புகள், திடீரெனக் கசியும் ஊற்றுகள் ஆகியன மண் மெல்ல நகர்வதன் அறிகுறிகளாகலாம். இவை காணப்படும் இடத்தில், நிலவியல் வல்லுநர் ஆராய்ந்து ஒப்புதல் தந்தாலன்றி வீடு கட்டலாகாது. மழையில்லா நாளில் வறண்டு கிடக்கும் ஓடைத்தடமும் மனைக்கு உரிய இடமன்று. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

மலையைக் குறைவாக வெட்டுதல்

சரிவான நிலத்தை வாங்கியவர் பலர் முதலில் செய்வது பொக்லைன் கொண்டு வந்து நிலத்தைச் சமப்படுத்துவது. இப்பழக்கத்தின் விளைவைக் கணக்கிட்டு அறியலாம். 20° சாய்வுள்ள சரிவில், 12 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள வீட்டிற்கு முழுவதும் வெட்டிச் சமதளம் அமைப்பதாகக் கொள்வோம். வீட்டின் பின்புறம் ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரத்திற்கு மலை செங்குத்தாக வெட்டப்படும். தோண்டும் மண்ணின் அளவு ஏறத்தாழ 218 கனமீட்டர். அதே வீட்டை ஐந்தைந்து மீட்டர் அகலமுள்ள இரண்டு படிநிலைகளாக அமைத்தால் ஒவ்வொரு வெட்டும் 1.8 மீட்டர் உயரமே இருக்கும். தோண்டும் மண் 109 கனமீட்டராகப் பாதியாகிறது. மண் குறைய, லாரி நடைகளும் எரிபொருளும் தடுப்புச்சுவரின் செலவும் குறைகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, மலையின் அடித்தாங்கல் அறுபடாமல் நிற்கிறது.

வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டை நிறுத்துவதும் ஆபத்தானது. வெட்டிய பகுதியில் உள்ள இயற்கை மண் இறுகியது. கொட்டிய மண் தளர்ந்தது. இரண்டும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. ஆகவே சுவர் விரிசலுறும். பெருமழையில் கொட்டிய மண் சரியும். முன்பகுதியை இயற்கை மண்வரை இறங்கும் தூண்களின்மேல் நிறுத்துவதே தக்க வழி.

வீட்டின் நீண்ட பக்கம் சம உயரக்கோட்டின் வழியே அமைவதும், அகலம் குறைவாக இருப்பதும் வெட்டை மேலும் குறைக்கும். தென்சரிவில் சம உயரக்கோடு கிழக்கு மேற்காகச் செல்வதால் அவ்வாறு அமையும் வீட்டின் நீண்ட பக்கம் தானாகவே தெற்கு நோக்கும். மண்ணுக்கு நன்மை தரும் அமைப்பே வெயிலுக்கும் நன்மை தருகிறது. கிழக்கு, மேற்குச் சரிவுகளில் இவை இரண்டும் முரண்படும். அங்கு அறைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே விலக்கி அமைத்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு தென்சுவர் கிடைக்கச் செய்வது வழக்கம்.

படிநிலை வீட்டிற்கும் ஒரு குறை உண்டு. 1.8 மீட்டர் உயர வேறுபாட்டிற்கு 12 படிகள் தேவை. முதியோரும் மாற்றுத்திறனாளரும் வாழும் வீட்டில் அது நாள்தோறும் துன்பம் தரும். ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, வாயில் ஆகிய நான்கும் ஒரே தளத்தில் அமையுமாறு திட்டமிட்டால் இக்குறை நீங்கும்.

வெயிலை வரவேற்றல்

சமவெளிக் கட்டடக்கலையின் முதற்பாடம் வெயிலைத் தடுப்பது. மலைக்கட்டடக்கலையின் முதற்பாடம் வெயிலை வரவேற்பது. சமவெளியிற் பழகிய கைகள் மலையிலும் சாளரத்தின்மேல் அகலமான வெயில்மறைப்பை நீட்டுகின்றன. டிசம்பர் நண்பகலில், நீலகிரியில், 60 சென்டிமீட்டர் நீட்டிய மறைப்பு சுவரில் ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் நீள நிழலை வீழ்த்தும். சாளரத்தின் உயரம் ஒன்றரை மீட்டர் எனின் அதில் பாதிக்கு மேல் நிழலில் மூழ்கும். வெயில் மிகவும் தேவைப்படும் பருவத்தில் அதற்குக் கதவடைப்பதாக இது முடிகிறது.

மறைப்பே வேண்டாம் என ஒதுக்கவும் இயலாது. இரு பருவமழைகளையும் பெறும் மலையில் சுவரை மழையிலிருந்து காப்பது கூரையின் நீட்சியே. அந்நீட்சியைச் சாளரத்தின் மேல்விளிம்பிலிருந்து 45 சென்டிமீட்டர் உயர்த்தி அமைத்தால், 86 சென்டிமீட்டர் நிழலில் 41 சென்டிமீட்டர் மட்டுமே சாளரத்தின்மேல் விழும். மழையும் தடுக்கப்படும், வெயிலும் உள்ளே வரும். சூன் மாதத்தில் நண்பகற் கதிரவன் தலைக்குமேல் சற்று வடக்கே சாய்ந்து நிற்பதால் தென்சாளரம் அப்போது தானே நிழலில் இருக்கும்.

கூடம், படிக்கும் அறை முதலியவை தெற்கிலும் கிழக்கிலும் அமையலாம். பொருள் வைக்கும் அறை, படிக்கட்டு, குளியலறை ஆகியன வடக்கில் அமைந்தால் அவை குளிருக்கும் வாழறைக்கும் இடையே காப்பாக நிற்கும்.

வந்த வெப்பத்தைக் காத்தல்

பகலில் வந்த வெப்பம் இரவுவரை நிலைக்க இரண்டு பண்புகள் தேவை. ஒன்று வெப்பத்தைத் தேக்கும் பண்பு. மற்றொன்று வெப்பத்தைத் தடுக்கும் பண்பு. கல், செங்கல், மண் ஆகியவை தேக்குவன. 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள மண்சுவரின் ஒரு பக்கத்தில் படும் வெப்பம் மறுபக்கத்தை அடைய ஏறத்தாழ 8 முதல் 10 மணிநேரம் ஆகும். நண்பகலின் வெயில் இரவில் வந்து சேர்கிறது எனலாம். பஞ்சு, நார், மரத்தூள், புல் போன்றவை தடுப்பன. அவற்றினுள் அடைபட்ட அசையாக் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. கம்பளி உடலைக் காப்பதும் இவ்வாறே.

தேக்கும் பொருள் உட்புறமும் தடுக்கும் பொருள் வெளிப்புறமும் அமைதல் வேண்டும். வரிசை மாறினால் தேங்கிய வெப்பம் வெளியே போய்விடும். 23 சென்டிமீட்டர் செங்கற்சுவரின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் வெப்பக்காப்புப் பலகையைப் பதித்துப் பூசினால், அச்சுவர் வழியே வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

சுவரைவிடக் கூரைக்கு முதலிடம் தரவேண்டும். வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து கூரையைத் தொடுகிறது. தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தைத் திறந்த வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. வெறும் தகரக்கூரை வேய்ந்த தொழிலாளர் குடியிருப்புகள் இரவில் உறைவது இதனால்தான். தகரத்தின்கீழ் மரப்பலகை அல்லது அட்டையால் உட்கூரை அமைத்து, இடையில் நார்க்காப்பு நிரப்புவது குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவதாகும்.

இக்கால மலைவீடுகள் விரும்பும் பெரிய கண்ணாடிச் சுவர் தனியே கருதத்தக்கது. பள்ளத்தாக்கின் காட்சிக்காக அமைக்கப்படும் அக்கண்ணாடி, இரவில் பெரிய வெப்பத்துளையாகிவிடுகிறது. 10 சதுரமீட்டர் ஒற்றைக்கண்ணாடி. உள்ளே 20°, வெளியே 5° செல்சியஸ். அதன் வழியே வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 850 வாட். 12 மணிநேர இரவில் அது 10 யூனிட் மின்சாரத்திற்கு ஈடு. இடையே காற்றடைத்த இரட்டைக்கண்ணாடி எனின் இழப்பு பாதியாகும். அதற்குப் பொருள்வசதி இல்லாதோர் மரக்கதவுள்ள சாளரமும் தரைவரை தொங்கும் தடித்த திரையும் கொண்டு இழப்பைக் கணிசமாகக் குறைக்கலாம். காட்சி வடக்கே இருப்பின் அதற்கு ஒரு சிறு சாளரமே போதும். பெரிய கண்ணாடி வெயில் வரும் தெற்கிற்கு உரியது.

தெரிந்து தெளிவோம்

லாரி பேக்கர் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவைத் தாயகமாக ஏற்றுக்கொண்ட கட்டடக்கலைஞர். கேரளத்தில் புகழ்பெறுவதற்குமுன் பல ஆண்டுகள் இமயமலையின் பித்தோராகரில் வாழ்ந்தவர். அங்குள்ள மக்கள் உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாளும் முறையைக் கண்டு கற்றதே தமது கலையின் அடிப்படை எனக் கருதினார். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். அது ஏறத்தாழ கால்பங்கு செங்கற்களை மிச்சப்படுத்துவதோடு, நடுவிலுள்ள காற்றால் வெப்பத்தையும் தடுக்கிறது.

உலக மலைகள் தரும் பாடம்

பிரான்சு நாட்டின் பிரனீசு மலையிலுள்ள ஒதேயோ என்னும் ஊரில் 1967இல் பொறியாளர் பெலீசு திரோம்பும் கட்டடக்கலைஞர் ழாக் மிசேலும் ஒரு வீட்டை உருவாக்கினர். அதன் தென்சுவர் தடித்த கான்கிரீட்டால் ஆனது. வெளிப்புறம் கருவண்ணம் பூசப்பட்டது. அதன்முன் சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தப்பட்டது. கண்ணாடி வழியே நுழைந்த வெயில் சுவரைச் சூடாக்கும். சுவர் அவ்வெப்பத்தை இரவில் அறைக்குள் விடும். இக்கருத்திற்கு அமெரிக்கரான எட்வர்டு மோர்சு 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது திரோம்பு சுவர் என்னும் பெயரிலேயே உலகெங்கும் அறியப்படுகிறது.

இந்தியாவில் இக்கலை சிறப்புற்ற இடம் லடாக். லே நகருக்கு அருகில் பே என்னும் சிற்றூரில், சோனம் வாங்சுக்கும் அவர்தம் தோழர்களும் நிறுவிய செக்மோல் என்னும் மாற்றுக்கல்வி வளாகம் உள்ளது. இடித்து இறுக்கிய மண்சுவர், தெற்கு நோக்கிய கண்ணாடி, நிலத்தை அணைத்த பின்சுவர் ஆகியவற்றால் அமைந்த அதன் கட்டடங்கள், வெளியே வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கும் குளிர்காலத்திலும் வெயிலாலேயே வெதுவெதுப்பாக இருக்கின்றன. வளாகத்தின் பெரிய மண்கட்டடம் 2016இல் பிரான்சின் லியோன் நகரில் டெர்ரா என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றது.

செருமனியின் தார்ம்சுடாட் நகரில் 1991இல் இயற்பியலாளர் வோல்ப்காங் பைசுட்டு தலைமையில் எழுந்த வீடுகள் வேறொரு வழியைக் காட்டின. மிகத் தடித்த வெப்பக்காப்பு, காற்றுப்புகா மூட்டுகள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உட்புகும் காற்றுக்கு மாற்றும் கருவி ஆகியன அவற்றின் சிறப்பு. இம்முறையிலமைந்த வீடு, சூடாக்க ஆண்டொன்றுக்குச் சதுரமீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேற்படாத ஆற்றலையே பயன்படுத்த வேண்டும் என்பது இன்று உலகளவில் ஏற்கப்பட்ட அளவாகும்.

இவற்றை அப்படியே நீலகிரியில் பெயர்த்து நடுதல் கூடாது. லடாக் மழை குறைந்த குளிர்ப்பாலை. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அங்கு வெயில் காயும். நீலகிரியிலோ தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வானம் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அங்குப் பூசாத மண்சுவர் மழையில் கரையும். வெயிலை மட்டும் நம்பும் வீடு ஆடியில் குளிரும். எனவே, பனிக்காலத்திற்கு வெயிலை ஏற்கும் தென்சாளரமும், மழைக்காலத்திற்கு வெப்பத்தை இழக்காத கூரையும் சுவரும் என இரண்டையும் இணைப்பதே நீலகிரிக்குப் பொருந்தும். தொலைநாட்டிலிருந்து பெறத்தக்கது கொள்கை. வடிவத்தை உள்ளூர் வானிலையே தரவேண்டும்.

மூச்சுவிடும் வீடு

வெப்பத்தைக் காக்க எல்லா இடைவெளிகளையும் அடைத்துவிட்டால் வீடு மூச்சுமுட்டும். சமையலாலும் குளியலாலும் சுவாசத்தாலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையை வளர்க்கும். பூஞ்சை படிந்த அறையில் வாழும் குழந்தைகளுக்கு இளைப்பு நோய் மிகுதியாகும். ஆகவே தேவையற்ற இடுக்குகளை அடைத்து, தேவையான காற்றுக்குக் கட்டுப்படுத்தத்தக்க வழியை அமைக்கவேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியும், நண்பகலில் சிறிதுநேரம் சாளரங்களைத் திறந்துவைக்கும் வழக்கமும் எளிய தீர்வுகள்.

மூடிய அறையில் கரியடுப்பை மூட்டி உறங்குவது உயிர்போக்கும் செயல். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வளி, உறங்குவோரை விழிக்கவிடாமலே கொல்லும். மலையூர்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய இறப்புச் செய்திகள் வருவதுண்டு. இறந்தோர் பெரும்பாலும் வெப்பக்காப்பற்ற தற்காலிக அறைகளில் தங்கிய தொழிலாளர்களும் பயணிகளுமே. ஆற்றல் சிக்கனமுள்ள வீடு என்பது மின்கட்டணத்தைக் குறைக்கும் வசதி மட்டுமன்று. கரியடுப்பின் தேவையை நீக்கி உயிர்காப்பதும் ஆகும்.

சூடாக்கும் தேவை குறைந்தபின் எஞ்சுவதில் பெரியது வெந்நீரின் தேவை. 100 லிட்டர் நீரை 15° இலிருந்து 45° செல்சியஸுக்குச் சூடாக்க ஏறத்தாழ 3.5 யூனிட் தேவை. தென்கூரையில் அமைந்த சூரிய நீர்ச்சூடாக்கி, வெயில் உள்ள நாள்களில் இதனை முழுவதும் மிச்சப்படுத்தும்.

நீரின் வழி

மலைவீட்டின் பெரும்பகை குளிர் அன்று; வழிதவறிய நீரே. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையால் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. 2024 சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு இருநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது.

100 சதுரமீட்டர் கூரையின்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1000 லிட்டர். அவலாஞ்சியில் பெய்தது போன்ற மழையில் ஒரே கூரையிலிருந்து ஒரு நாளில் 80,000 லிட்டர் இறங்கும். அந்நீர் வீட்டின் பின்புறத்து வெட்டில் தேங்கினால் மண்ணின் கனம் பெருகும். துகள்களின் பிடிப்பு தளரும். தடுப்புச்சுவரை நீரே தள்ளும். தடுப்புச்சுவர்கள் பல சாய்வது மண்ணின் சுமையால் மட்டுமன்று. வெளியேற வழியில்லாத நீரின் அழுத்தத்தாலும்தான். சுவரின் பின்னே சரளைக்கல் அடுக்கும், அடியில் துளையிட்ட குழாயும், சுவரெங்கும் நீர்க்கசிவுத் துளைகளும் அமைதல் வேண்டும். தடுப்புச்சுவரையே வீட்டின் பின்சுவராக்காமல் இரண்டிற்கும் இடையே நடைவழி விட்டால் ஈரம் அறைக்குள் ஏறாது. வடிகாலைத் துப்புரவு செய்யவும் இயலும்.

கூரைநீரைத் தொட்டியில் சேர்த்தபின், மிகுந்ததைக் குழாய் வழியே இயற்கை ஓடைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சமவெளியில் நன்மை தரும் உறிஞ்சுகுழி, செங்குத்தான சரிவில் மண்ணை ஊறவைத்துச் சரிவுக்கே வழிகோலும். கழிவுநீர்க் குழிக்கும் இது பொருந்தும். வெட்டிய சரிவை வெறுமையாக விடாமல் உள்ளூர்ப் புல்லும் புதரும் வளர்த்தால் வேர்கள் மேல்மண்ணைப் பிணைத்து நிறுத்தும்.

ஒரு வீடும் ஓர் ஊரும்

சமவெளியில் ஒருவர் செய்யும் பிழை பெரும்பாலும் அவர்தம் வேலிக்குள் நின்றுவிடும். மலையில் அவ்வாறன்று. மேல்மனையில் வெட்டிய மண் கீழ்மனையின் கூரையில் விழும். மேல்வீடு திறந்துவிட்ட நீர் கீழ்வீட்டின் அடித்தளத்தை அரிக்கும். மேல்மனையை வாங்கும் வசதி படைத்தவர் வேறு, கீழ்ச்சரிவில் வாழ நேர்ந்தவர் வேறு என்னும் நிலையில் பிழை செய்தவர் ஒருவராகவும் துன்பம் அடைபவர் மற்றொருவராகவும் ஆகின்றனர். மலைப்பகுதிகளில் கட்டடங்களுக்குத் தனி ஒப்புதலும் கட்டுப்பாடும் விதிக்கப்படுவதன் நோக்கம் இதுவே.

இவ்வறிவில் பெரும்பகுதி செல்வர்க்கு மட்டும் உரியதன்று. நடுச்சரிவைத் தேர்வதற்கும், வீட்டைத் தெற்கு நோக்கித் திருப்புவதற்கும், மறைப்பை உயர்த்தி வைப்பதற்கும் தனிச்செலவு இல்லை; மலையைக் குறைவாக வெட்டுவது செலவைக் குறைக்கவே செய்யும். கூரைக் காப்பும் தடித்த திரையும் சிறு செலவின. இரட்டைக்கண்ணாடியும் கருவிகளும் இவற்றின்பின் வருவன. வரிசையை மாற்றி, வடசரிவில் மலையைக் குடைந்து கண்ணாடி மாளிகை எழுப்பிக் கூரையில் சூரியத் தகடுகளைப் பரப்பினால் அது ஆற்றல் சிக்கனம் ஆகாது.

முற்காலத்தில் மனை வகுத்தோர் கோலை நட்டு நிழலைக் கண்டபின் கயிறிட்டனர். இன்று மலையில் மனை வகுப்போர் நிழலோடு நீரையும் காணவேண்டும். தம் மனைக்குக் கீழே எரியும் விளக்குகளையும் காணவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. தங்கள் வகுப்பறையின் தென்சுவரில் நண்பகலில் வெயில்மறைப்பின் நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது என்பதை மாதம் ஒருமுறை அளந்து அட்டவணைப்படுத்துக.

2. தங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, 5 சென்டிமீட்டர் மழையில் அதிலிருந்து கிடைக்கும் நீரின் அளவைக் கணக்கிட்டு, அந்நீர் செல்லும் வழியை வரைபடமாக வரைக.

3. ‘மலைப்பகுதிகளில் கட்டடக் கட்டுப்பாடுகள் தேவையா?’ என்னும் தலைப்பில், மேல்மனை உரிமையாளர், கீழ்மனைவாசி, கட்டடத் தொழிலாளர் ஆகிய மூவரின் நோக்கிலும் கலந்துரையாடுக.